நீரில் வாழ்வது எது? – கடல் உயிர்களின் உடலமைப்பும் ஹலால் ஹராம் சட்டமும்

அல்லாஹுத் தஆலா மனிதனுக்கு வசப்படுத்திக் கொடுத்துள்ள அருட்கொடைகளில் கடலும் ஒன்று. அதிலிருந்து புதிய மாமிசம் கிடைப்பதையும் அணியும் ஆபரணம் கிடைப்பதையும் திருமறையின் 'நஹ்ல்' அத்தியாயம் (16:14) நமக்கு நினைவூட்டுகிறது. 'மாயிதா' அத்தியாயமோ (5:96) கடல் வேட்டையும் கடல் உணவும் ஆகுமானவை என்று அறிவிக்கிறது. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டிருக்க, கடல் வேட்டை தடுக்கப்படவில்லை.

கடல் நீரில் ஒளூச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, நீர் தூய்மையானது என்று சொன்னதோடு நில்லாமல், அதில் இறந்ததும் ஆகுமானதே என்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்து அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம் பெற்றுள்ளது.

ஆதாரங்கள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சிக்கல் எங்கே பிறக்கிறது? நமது அடுப்படியில்தான் பிறக்கிறது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி, ஹனபீ மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவள் தாய் வீட்டில் கணவாய் ஆணம் விருந்தாளிக்கு வைக்கும் உணவு. மாமியார் வீட்டிலோ அதைச் சட்டியில் ஏற்ற மாட்டார்கள். நண்டு என்றால் ஷாபிஈ வீடுகளுக்குள்ளேயே இரண்டு பேச்சு. முடிவில் ஒருவர் மற்றவரை 'ஹராம் தின்பவர்' என்று ஏசுகிறார். மற்றவர் 'அல்லாஹ் தந்ததை மறுப்பவர்' என்று பதில் ஏசுகிறார். ஹராமை ஹலால் என்பது எவ்வளவு பெரிய குற்றமோ, ஹலாலை ஹராம் என்பதும் அவ்வளவு பெரிய குற்றமே. எனவே இதை நாவின் ருசிக்கோ பழக்கத்துக்கோ விட்டுவிட முடியாது.

இரு மத்ஹபுகளின் அடிப்படை

ஹனபீ மத்ஹபில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். மீன் என்ற பெயருக்குள் வராதவை ஆகா. எனவே அங்கே எழும் கேள்வி, 'இது மீன்தானா?' என்பது.

ஷாபிஈ மத்ஹபில் நீரில் மட்டுமே வாழும் உயிர், அதன் உருவம் மீனைப் போல் இல்லாவிட்டாலும், ஆகும். தரையிலும் நீரிலும் வாழும் உயிர் ஆகாது. நீரில் மட்டும் வாழ்வது என்பதற்கு பிக்ஹு நூல்கள் ஓர் அடையாளம் கூறுகின்றன. வெளியே எடுத்தால் அதன் உயிர், அறுக்கப்பட்ட பிராணியின் உயிரைப் போல் சிறிது நேரத் துடிப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதே அது. எனவே இங்கே எழும் கேள்வி, 'இது எங்கே வாழ்கிறது? எப்படி வாழ்கிறது?' என்பது.

இந்தக் கேள்விக்கு விடை காண, அந்த உயிர் எப்படி மூச்சு விடுகிறது, எங்கே முட்டையிடுகிறது, தரையில் அதனால் நிலைக்க முடியுமா என்பவற்றை அறிந்தாக வேண்டும். இஹ்ராமில் உள்ளவர் வேட்டையாடும் சட்டத்திலும் இருவகையில் வாழும் பிராணி தரைப் பிராணியாகவே கணிக்கப்படும். ஆகவே ஹஜ்ஜுப் பயணிக்கும் இந்த அறிவு தேவை.

மீன்: நீருக்கென்றே அமைந்த உடல்

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லி லிட்டர் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருப்பதோ ஏறக்குறைய 5 மில்லி லிட்டர்தான். இந்தச் சொற்பத்தைப் பிரித்தெடுக்கவே மீனுக்குச் செவுள் தரப்பட்டுள்ளது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமல்லவா? அந்தச் சிவப்பு, மெல்லிய தோலுக்குள் ஓடும் இரத்தமே. நீர் ஒரு திசையில் செல்ல, இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. இவ்வாறு எதிரெதிராக ஓடுவதால், நீரிலுள்ள பிராணவாயுவின் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்ந்து விடுகிறது.

வெளியில் நீரைவிடப் பன்மடங்கு பிராணவாயு இருந்தும் மீன் ஏன் சாகிறது? நீரில் விரிந்து மிதந்த செவுளின் இதழ்கள் வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. பிறகு உலர்ந்து போகின்றன. 'அறுக்கப்பட்ட பிராணியின் துடிப்பு' என்று நம் இமாம்கள் சொன்னது இந்த நிலைக்குப் பொருத்தமாக அமைந்திருப்பதைக் காணலாம்.

அடுத்தது உப்பு. கடல் நீரில் ஆயிரம் கிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. எலும்பு மீன்களின் உடல் நீரில் உப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஊறுகாய்க்கு உப்பிட்ட காயிலிருந்து நீர் வெளியேறுவது போல், கடல் மீனின் உடலிலிருந்தும் நீர் ஓயாமல் வெளியேறும். அதை ஈடுகட்ட அது கடல் நீரையே குடிக்கிறது. மிகுந்த உப்பைச் செவுளில் உள்ள தனி அணுக்கள் வெளியேற்றி விடுகின்றன. ஆயுள் முழுதும் உப்பு நீரில் கிடந்த மீனைச் சமைக்க நாம் உப்புப் போட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். சிந்திப்போருக்கு இதில் படிப்பினை உண்டு.

சுறாவுக்கும் திருக்கைக்கும் வேறு ஏற்பாடு. பிற உயிர்கள் சிறுநீரில் கழித்துவிடும் யூரியா என்ற பொருளை அவை இரத்தத்திலும் தசையிலும் தேக்கி வைத்துக் கொள்கின்றன. அதனால் உடல் நீர் கடல் நீருக்குச் சமமாகி, நீரிழப்பு ஏற்படுவதில்லை. சுறா இறந்து நேரமானால் அந்த யூரியா மாறி நெடி வீசுகிறது. சிறுநீர் கலந்துவிட்டதோ, நஜீஸோ என்று சில பெண்கள் ஐயப்படுவதுண்டு. அது அந்த மீனின் தசையோடு அமைந்த ஒரு பொருள்; வெளியிலிருந்து கலந்த சிறுநீர் அன்று. நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதும். சுறாவும் திருக்கையும் செவுளால் மூச்சு விடும் மீன்களே. திருக்கை மணலில் வயிறு படியக் கிடக்கும்போது மணல் புகாதபடி, தலைக்கு மேல் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளைகளின் வழியாக நீரை இழுத்துக் கொள்கிறது.

நெத்திலி போன்ற சிறு மீன்கள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்பவை. அவற்றின் குடலைத் தனித்தனியே நீக்குவது சிரமம் என்பதால், அத்துடன் உண்பதற்கு ஷாபிஈ நூல்களில் அனுமதி உண்டு. பெரிய மீனின் குடலை நீக்கியாக வேண்டும். கருவாடு போடும்போது பெரிய மீனைக் குடலுடன் உப்பிடுவது கூடாது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'பத்ஹுல் முஈன்' நூலிலும் இந்த மஸ்அலா பேசப்பட்டுள்ளது.

இறாலும் கணவாயும்

இறாலுக்கு முதுகெலும்பு இல்லை, ஓடு உண்டு. அதன் செவுள்கள் மார்பின் இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் மறைந்துள்ளன. கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து கழிமுகத்துக்கும் உப்பங்கழிக்கும் வந்து, உணவு மிகுந்த அங்கே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. உப்பு மிகுந்த நீரிலும் குறைந்த நீரிலும் வாழ்வது என்பது வேறு, நீரிலும் தரையிலும் வாழ்வது என்பது வேறு. இதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் இறால் ஐயமின்றி ஆகும்.

ஹனபீ அறிஞர்களிடையே இறால் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இன்றைய உயிரியல் அதை மீன் வகையில் சேர்ப்பதில்லை என்பதைக் கொண்டு சிலர் தவிர்க்கின்றனர். அரபு மொழி வழக்கில் அது சிறு மீன் என்றே அழைக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு வேறு சிலர் அனுமதிக்கின்றனர். ஹிஜ்ரி 808இல் மறைந்த அறிஞர் தமீரீ (ரஹ்) அவர்களும் பிராணிகளைப் பற்றிய தமது பெரு நூலில் அதை மீன் என்றே எழுதியுள்ளார்கள். எனவே இறால் உண்ணும் ஹனபீக்கும், உண்ணாத ஹனபீக்கும் பின்னால் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

கணவாயில் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் என வகைகள் உண்டு. இதற்கு மூன்று இதயங்கள். இரத்தம் செம்பு கலந்ததால் நீல நிறம். ஓட்டுக் கணவாயின் உள்ளே இருக்கும் வெள்ளை ஓடு நுண்ணறைகளால் ஆனது. அவற்றில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்து மேலும் கீழும் போகிறது. பகை கண்டால் நிறம் மாறுகிறது, மையைக் கக்கி மறைகிறது. உடலுக்குள் இழுத்த நீரைப் பீய்ச்சியடித்துப் பின்னோக்கிப் பாய்கிறது. இந்த ஏற்பாடுகள் நீருக்குள் மட்டுமே பயன்படும். எனவே ஷாபிஈ மத்ஹபில் கணவாய் ஆகும்; மீன் அல்லாததால் ஹனபீ மத்ஹபில் ஆகாது. இரண்டும் ஆதாரத்தின் மீது நிற்கும் முடிவுகளே.

நண்டு: விரிவாகப் பார்க்க வேண்டிய இடம்

நண்டு என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அவற்றின் வாழ்க்கை ஒன்றல்ல.

கடலில் வலையில் படும் நீல நண்டின் கடைசிக் கால் இரண்டையும் பாருங்கள். அவை துடுப்பைப் போல் தட்டையாக இருக்கும். அது நீந்துவதற்கென்றே படைக்கப்பட்டது. வெளியில் எடுத்தால் நெடுநேரம் தாங்காது.

கழிமுகச் சேற்றிலும் அலையாத்திக் காட்டிலும் வாழும் சேற்று நண்டும் செவுளால்தான் மூச்சு விடுகிறது. ஆனால் அதன் ஓட்டுக்குள் உள்ள செவுள் அறை ஈரத்தைத் தேக்கி வைத்துக் கொள்ளும். ஆகவேதான் கால்களைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, உயிருடன் வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. ஈரம் காயாமல் இருந்தால் சில நாட்கள் தாங்கும். இருந்தாலும் அது தரையில் குடியிருப்பதில்லை. முட்டை பொரிக்கும் காலத்தில் பெண் நண்டு கழியை விட்டுக் கடலுக்குப் போகிறது.

கடற்கரை மணலில் வளை தோண்டி, ஆள் நடமாட்டம் கண்டதும் விரைந்தோடும் நண்டு இவற்றிற்கு நேர்மாறானது. அதன் வாழ்க்கை தரையில்தான். காலடியிலுள்ள மயிர்களால் மணலின் ஈரத்தை உறிஞ்சிச் செவுளை நனைத்துக் கொள்கிறது. நீருக்குள் நெடுநேரம் அமிழ்த்தி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப் போகும். முட்டைகளைப் பொரிய விடுவதற்கு மட்டும் அலைக்கு வருகிறது.

வயல் நண்டு வரப்பில் வளை வைத்து, நீரிலும் வெளியிலுமாக வாழ்கிறது. தன் குஞ்சுகளை வயிற்றின் அடியிலேயே வைத்துச் சுமக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில், தரையிலும் நீரிலும் வாழ்பவை ஹராம் என்று கூறி, தவளை, நண்டு, பாம்பு ஆகியவற்றை உதாரணமாகக் காட்டியுள்ளார்கள். பிற்கால ஷாபிஈ அறிஞர்களில் பலர் இதையே பின்பற்றினர். நம் பகுதி ஷாபிஈ உலமாக்களில் பலர் நண்டைத் தடுப்பதும் இதனால்தான். அதே இமாமவர்கள் 'மஜ்மூஉ' நூலில், கடலில் உள்ளவற்றில் தவளை நீங்கலாக மற்றவை ஆகும் என்பதையே சரியான கருத்தாகக் கூறி, ஆமை, பாம்பு பற்றி முன்னோர் சொன்ன தடையைக் கடலில் அல்லாதவற்றின் மீது பொருத்திக் காட்டியுள்ளார்கள்.

ஷாபிஈ மத்ஹபினர் பெருவாரியாக வாழும் இந்தோனேசியாவில் இந்தக் கேள்வி எழுந்தபோது, அங்குள்ள உலமாக்கள் சபை கடலியல் அறிந்தவர்களை அழைத்து விசாரித்தது. உண்ணப்படும் சேற்று நண்டுகள் செவுளால் மூச்சு விடுபவை, நீரில் முட்டையிடுபவை, தரையில் குடியிருப்பவை அல்ல என்று அறிந்த பின், 2002ஆம் ஆண்டில் அவை ஆகும் என்று பத்வா அளித்தது.

ஆகவே, வயல் நண்டும் மணலில் ஓடும் நண்டும் இருவகை வாழ்க்கை உடையவை என்பதில் ஐயமில்லை. அவற்றைத் தவிர்க்க வேண்டும். கடல் நண்டு விஷயத்தில், மின்ஹாஜின் சொல்லைப் பற்றித் தவிர்ப்பவர் பேணுதலான வழியில் இருக்கிறார். தமது ஊர் ஆலிமின் பத்வாவைக் கொண்டு உண்பவரை ஹராம் தின்பவர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஹனபீ மத்ஹபினருக்கு எந்த நண்டும் ஆகாது.

நுரையீரல் இருந்தும் நீரில் மட்டும் வாழ்பவை

செவுள் இருந்தால்தான் கடற்பிராணி என்று சிலர் எண்ணக் கூடும். அது சரியன்று. திமிங்கிலம் நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி ஈன்று பாலூட்டுகிறது. அம்பர் தரும் திமிங்கிலம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் மூச்சை அடக்க வல்லது. அதன் தசையிலேயே பிராணவாயுவைத் தேக்கி வைக்கும் பொருள் மிகுதியாக உண்டு.

இத்தகைய உயிர் தரையில் வாழுமா? வாழாது. நீர் தாங்கிய உடலைத் தரை தாங்குவதில்லை. சொந்தப் பளுவே நெஞ்சை அழுத்துகிறது. தடித்த கொழுப்புத் தோலுக்குள் உடல் சூடேறுகிறது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு அருகே ஏறக்குறைய நூறு சிறு திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியபோது, சுற்றிலும் காற்று இருந்தும் அவற்றில் பல மாண்டதை நாடே கண்டது.

அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முன்னூறு ஸஹாபாக்கள் உணவின்றி வாடியபோது, கரையில் ஒதுங்கிய 'அம்பர்' என்ற பிரம்மாண்டமான பிராணியைப் பல நாட்கள் உண்டார்கள். அதன் விலா எலும்பை நட்டபோது ஒட்டகம் அதன் கீழே புகுந்து சென்றது. மதீனா திரும்பிய பின் நபி (ஸல்) அவர்கள் அதை அங்கீகரித்ததோடு, தாமும் அதில் சிறிது வரவழைத்து உண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்தப் பிராணியை ஹதீஸ் 'ஹூத்', அதாவது மீன், என்றே குறிப்பிடுகிறது. விஞ்ஞானம் பாலூட்டி என்று வகுத்ததால் சட்டம் மாறிவிடாது. மூச்சு விடும் உறுப்பு எது என்பது அளவுகோல் அன்று. வாழும் இடம் எது என்பதே அளவுகோல்.

இருவகையில் வாழ்பவை

கடலாமையின் கால்கள் துடுப்புகளாக மாறியுள்ளன. கண்ணருகே உள்ள சுரப்பி உப்பைக் கண்ணீராக வெளியேற்றுகிறது. இவ்வளவு கடலுக்கு ஏற்றதாக இருந்தும், பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிச் செல்கிறது. முட்டை நீருக்குள் கிடந்தால் குஞ்சு மூச்சின்றி இறந்துவிடும். ஆமையைத் தடுத்த ஷாபிஈ அறிஞர்கள் இந்த இருவகை வாழ்க்கையையே கவனித்தார்கள். ஹனபீ மத்ஹபிலும் அது ஆகாது.

தவளையைப் பற்றி ஐயத்துக்கே இடமில்லை. மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்துவது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது, அதைக் கொல்வதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள்.

கடற்பாம்பின் வால் துடுப்பாகத் தட்டையாகி இருக்கும். மூக்குத் துளைக்கு மூடி உண்டு. பெரும்பாலானவை கடலிலேயே குட்டி ஈனுகின்றன. ஆனால் அவற்றின் விஷம் கொடியது. வலையில் சிக்கினால் எச்சரிக்கையுடன் அப்புறப்படுத்த வேண்டுமே தவிர, கையால் தொடக் கூடாது.

தீங்கும் தடையும்

நீரில் மட்டுமே வாழ்ந்தாலும் உடலுக்குக் கேடு செய்வது எந்த மத்ஹபிலும் ஆகாது. பகை கண்டால் பந்து போல் ஊதிக் கொள்ளும் பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் கடும் விஷம் உண்டு. சமைத்தாலும் அது போகாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

மேலும், கடலாமை, ஆவுளியா எனும் கடற்பசு, ஓங்கில், திமிங்கிலம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். கடற்புல் மேயும் ஆவுளியா நீண்ட இடைவெளி விட்டு ஒரே ஒரு குட்டியை ஈனுவது. பிடிக்கப் பிடிக்க இனமே அற்றுப் போகும். 2022இல் பாக் விரிகுடாவில் அதற்கெனத் தனிக் காப்பகமே அறிவிக்கப்பட்டது. நூலில் ஆகும் என்றிருப்பதைக் காட்டிச் சட்டம் தடுத்ததைச் செய்து, சிறைக்கும் அவமானத்துக்கும் உள்ளாவது முஃமினுக்கு அழகன்று. அல்லாஹ் தந்த அமானத்தை அழிப்பதும் முறையன்று.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. மீன் எல்லா வகையும் இரு மத்ஹபுகளிலும் ஆகும், அறுக்கத் தேவையில்லை. தானே செத்து மிதக்கும் மீனை ஹனபீ மத்ஹபினர் தவிர்க்க வேண்டும்.

2. இறாலும் கணவாயும் ஷாபிஈ மத்ஹபில் ஆகும். ஹனபீ மத்ஹபில் கணவாய் ஆகாது. இறாலில் கருத்து வேறுபாடு உண்டு.

3. வயல் நண்டு, மணல் நண்டு, ஆமை, தவளை ஆகியவற்றை உண்ணக் கூடாது. கடல் நண்டு பற்றித் தமது ஆலிமிடம் கேட்டு நடக்க வேண்டும்.

4. மருமகள் ஒரு மத்ஹபு, மாமியார் ஒரு மத்ஹபு என்று அமைந்த வீட்டில், ஒருவருக்கு ஆகாததைச் சமைத்த சட்டியை நன்றாகக் கழுவிய பின் மற்றவருக்குச் சமைக்கட்டும். வற்புறுத்தி ஊட்டவும் வேண்டாம், உண்பவரை அருவருத்துப் பேசவும் வேண்டாம்.

ஒரு மீனின் செவுளிலும் ஒரு நண்டின் காலிலும் இத்தனை ஏற்பாடுகளை அமைத்து வைத்த ரப்புல் ஆலமீன், அவற்றை வீணுக்குப் படைக்கவில்லை. சமைக்கும் முன் பிஸ்மியோடு ஒரு கணம் அவற்றை உற்று நோக்குங்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். ஹலாலை அறிந்து உண்ணவும், ஹராமை அறிந்து விலகவும், அறிவு வேற்றுமையால் உறவை முறித்துக் கொள்ளாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.